சிறு விமானத்தின் நிறையும் சமநிலையும்

ஒரு விமானத்தின் மொத்த நிறையும், அந்த நிறை தாக்கும் புள்ளியாகிய புவியீர்ப்பு மையமும் குறித்த எல்லைக்குள் இருந்தால்தான் அது விமானியின் கைக்கு அடங்கும். கணக்கு சாதாரணதர வகுப்பு மாணவருக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு பொருளின் நிறையையும் தொடக்கக் கோட்டிலிருந்து அது இருக்கும் தூரமாகிய புயத்தால் பெருக்கினால் திருப்பம் வரும். திருப்பங்களைக் கூட்டி மொத்த நிறையால் வகுத்தால் மையம் கிடைக்கும். பெருக்கலில் யாரும் தவறுவதில்லை. தவறுவது பெருக்க எடுத்த எண்களில்.

1910ஆம் ஆண்டு சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி'ஏஞ்செலிஸ், தாமே வடிவமைத்து சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு கட்டுவித்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அப்படி ஒருவர் தமக்கெனக் கட்டும் விமானத்துக்கு உடன்பிறப்பு கிடையாது. ஒரே வரைபடத்தில், ஒரே தொகுதிப் பாகங்களில் கட்டப்பட்ட இரண்டு விமானங்கள்கூடத் தராசில் ஒன்றாக நிற்பதில்லை. ஒருவர் பிசினைத் தாராளமாகப் பூசியிருப்பார். மற்றவர் பெரிய பற்றரி பூட்டியிருப்பார். அதனால் ஒன்றின் எண்கள் மற்றதற்கு உதவா.

தொழிற்சாலை விமானமும் இப்படித் தனியே நிறுக்கப்பட வேண்டிய நிலைக்கு வரலாம். இலங்கையின் வன்னியில் சிறு விமானம் என்றதும் நினைவுக்கு வருவது செக் நாட்டின் ஸ்லின் 143. 2007 மார்ச் 26 அன்று கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கிய விடுதலைப் புலிகளின் விமானங்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. நால்வர் அமரும் பயிற்சி விமானமாகச் சான்று பெற்ற வகை அது. அவர்கள் கையில் குண்டு சுமக்கும்படி மாற்றப்பட்டது. போர் வரலாறு இங்கே பொருளன்று. தொழில்நுட்ப அளவில் சொல்லக்கூடியது, உடலமைப்பில் கை வைத்த அன்றே உற்பத்தியாளரின் நிறைத்தாள் காலாவதியாகிறது என்பது. அதன் பின் அதுவும் புதிதாக நிறுக்கப்பட வேண்டிய விமானமே.

நிறுப்பதற்குச் சில்லுக்கு ஒன்றாக மூன்று தராசுகள் தேவை. வன்னியில் அவை கிடைக்காத பொருளல்ல. நெல் ஆலைகளில் மூட்டை நிறுக்கும் இலத்திரனியல் தராசுகளே போதும். ஆனால் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை நடப்பாண்டுக்குரியதா என்று பார்க்க வேண்டும். கதவடைத்த கொட்டகைக்குள் நிறுப்பது கட்டாயம். சோளகம் வீசும் மாதங்களில் வெளியே நிறுத்தினால் சிறகு காற்றைப் பிடித்து, தராசு ஒரு நிலையில் நில்லாது. எஞ்சின் எண்ணெய் நிரம்பியிருக்க வேண்டும். பெற்றோல் வடிக்கப்பட்டிருக்க வேண்டும். பிறேக் விடுபட்டிருக்க வேண்டும். சில்லுக்கு வைத்த கட்டைகளின் நிறையைக் கழிக்க வேண்டும். விமானம் பறக்கும் நிலையில் மட்டமாக நிற்கிறதா என்பதை நீர்மட்டம் வைத்துச் சரிபார்த்த பின், ஒவ்வொரு சில்லின் அச்சிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறியிட்டுத் தூரம் அளக்க வேண்டும். வரைபடத்திலுள்ள தூரத்தை அப்படியே எடுத்து எழுதுவது, நிறுக்காமல் விடுவதற்குச் சமம்.

எடுத்துக்காட்டுக்கு இருவர் அருகருகே அமரும் ஒரு விமானத்தைக் கொள்ளலாம். தொடக்கக் கோடு மூக்கு நுனி. பிரதான சில்லுகள் 2.20 மீற்றரில், மூக்குச் சில்லு 0.80 மீற்றரில். இடத் தராசு 142 கிலோ, வலத் தராசு 139, மூக்குத் தராசு 69. வெற்று நிறை 350 கிலோ, திருப்பம் 673.4, மையம் 1.924 மீற்றர். அனுமதித்த உச்ச நிறை 600 கிலோ, மையத்தின் எல்லை 1.86 முதல் 2.02 மீற்றர் வரை.

இருவர் 150 கிலோ, 2.10 மீற்றரில். தாங்கி விமானிக்கு முன்னால், 1.50 மீற்றரில், பெற்றோல் 60 லீற்றர், லீற்றருக்கு 0.72 கிலோ வீதம் 43.2 கிலோ. இருக்கைக்குப் பின்னே 2.75 மீற்றரில் 40 கிலோ பொதி. மொத்தம் 583.2 கிலோ, மையம் 1.995 மீற்றர். நிறையும் சரி, மையமும் சரி. பலர் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுகிறார்கள். பறந்து முடிகையில் 10 லீற்றர் மட்டும் மிஞ்சினால் முன்பக்கத்தில் 36 கிலோ குறைந்திருக்கும், நிறை 547.2 கிலோ, மையம் 2.027 மீற்றர். ஏறும்போது எல்லைக்குள் இருந்த விமானம் இறங்கும்போது எல்லைக்கு வெளியே நிற்கிறது. பொதியை 20 கிலோவாகக் குறைத்தால் இறங்கும்போது மையம் 2.00 மீற்றர். அப்போதும் மிச்சம் 2 சென்ரிமீற்றர்தான்.

இந்த 2 சென்ரிமீற்றரைத் தராசே விழுங்கிவிடலாம். மேற்படி விமானத்தில் மூக்குத் தராசு 5 கிலோ கூட்டிக் காட்டினால் வெற்று மையம் 16 மில்லிமீற்றர் முன்னே இருப்பதாகத் தோன்றும். தாள் நல்ல செய்தி சொல்லும், விமானம் சொல்லாது.

மையம் முன்னெல்லையைத் தாண்டினால் விமானம் மூக்குக் கனத்து நிற்கும். இறங்கும்போது மூக்கை நிமிர்த்த வால் போதாது. இது தொல்லை, ஆனால் ஓடுபாதையிலேயே தெரிந்துவிடக்கூடிய தொல்லை. பின்னெல்லையைத் தாண்டினால் கைப்பிடி இலேசாகி, விமானம் தானாக நேர்நிலைக்குத் திரும்பும் இயல்பை இழக்கும். சிறகு தூக்குவிசையை இழந்து சுழலத் தொடங்கினால் மீளவே முடியாமல் போகலாம். சற்றே கூடிய நிறையைவிடப் பின்னுக்குப் போன மையமே கொடியது. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் 5481 விமானம் கிளம்பிய உடனே விழுந்து 21 பேர் இறந்தனர். மூக்கை ஏற்றி இறக்கும் வால்தட்டின் கம்பி பிழையாகச் சரிசெய்யப்பட்டிருந்தது. மையமும் எல்லைக்கு வெகு பின்னே இருந்தது. பயணிகளைச் சராசரி நிறையில் கணக்கிடுவது அங்கு விதிப்படி சரி. விபத்துக்குப் பிறகு ஆட்களை நிறுத்துப் பார்த்தபோது சராசரி ஏறத்தாழ 20 இறாத்தல் கூடியிருந்தது. இருவர் அமரும் விமானத்தில் சராசரிக்கு இடமே இல்லை. அமரப்போகிறவரையே தராசில் ஏற்றலாம்.

பேர்ட் ருட்டன் வடிவமைத்த லோங் ஈசீ போன்ற, எஞ்சின் பின்னே உள்ள விமானங்களில் விமானியின் நிறை மையத்தை நகர்த்துவது இன்னும் கூர்மை. விமானி இறங்கினாலே லோங் ஈசீ பின்னுக்குச் சாயக்கூடியது என்பதால், அதை மூக்கைத் தரையில் ஊன்றியே நிறுத்திவைப்பர். மெலிந்தவர் ஓட்டினால் மூக்கில் ஈயம் வைக்க நேரும்.

நிறுப்பது பூச்சு முடிந்த பிறகே நடக்க வேண்டும். 5.5 மீற்றரில் உள்ள வாலில் 3 கிலோ பூச்சு ஏறினால் மேற்கண்ட வெற்று மையம் 3 சென்ரிமீற்றர் பின்னே போகும். திருத்தும் வழியும் அதே கணக்கில் உண்டு: நகர்த்தும் நிறையை நகரும் தூரத்தால் பெருக்கி மொத்த நிறையால் வகுத்தால் மையம் நகரும் அளவு. 7 கிலோ பற்றரியை ஒரு மீற்றர் முன்னே கொண்டுபோனால் வெற்று மையம் 2 சென்ரிமீற்றர் முன்னே வரும். ஈயம் சேர்ப்பது கடைசி வழி. சுமக்க வேண்டிய நிறையை அது தின்னும். புதிய வானொலி, சில்லு மூடி என எது ஏறினாலும் இறங்கினாலும் நிறையும் புயமும் திகதியோடு பதிவேட்டில் ஏற வேண்டும்.

கிளம்பக்கூடிய உச்ச நிறை எல்லா நாளிலும் ஒன்றல்ல. வவுனியாவின் ஓடுபாதை கடல்மட்டத்துக்கு மேல் சில நூறு அடிதான். ஆயினும் 35 பாகை வெயிலில் அங்குள்ள காற்று ஏறத்தாழ 2,700 அடி உயரத்துக் காற்றின் அடர்த்தியில்தான் இருக்கும். எஞ்சின், விசிறி, சிறகு மூன்றும் அதற்கேற்பத் தளரும். ஓட்டம் நீளும், ஏற்றம் குறையும். காலை ஆறு மணிக்கு 583 கிலோவுடன் எளிதாகக் கிளம்பும் விமானத்துக்கு, சித்திரை நடுப்பகலில் அதே ஓடுபாதை போதாமல் போகலாம். நிறைத்தாளில் வெப்பநிலைக்கும் ஓடுபாதை நீளத்துக்கும் ஒவ்வொரு நிரல் சேர்த்து, பறக்கும் நேரத்து அளவைக் கொண்டு நிரப்ப வேண்டும்.