நாலு விரல் முன்னே பின்னே

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி போகிறவர்கள் மரக்காணத்தில் காரை நிறுத்தி, உப்புக் குவியலுக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நானும் நிறுத்தினேன். பாத்தியைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்த பெரியவரிடம், "பாத்தி என்ன அளவுங்க?" என்று கேட்டேன். டிராயிங் ஆபீஸில் குப்பை கொட்டின புத்தி, வேறென்ன கேட்கும்?

"அளவு கிடக்கட்டும் தம்பி. நாலு விரல் முன்ன பின்ன இருந்தா உப்பு கோச்சுக்காது. தரை மட்டமா இருக்கணும். இல்லேன்னா பள்ளத்துல தண்ணி நிக்கும், மேட்டுல சேறுதான் காயும்."

டைமன்ஷனிங் பாடத்தை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார். நீள அகலத்தில் எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. தரை எவ்வளவு சமமாக இருக்கவேண்டும் என்பது வேறு. உருவம், இருப்பிடம் இவற்றுக்கெல்லாம் டிராயிங்கில் தனிச் சலுகை எழுதுவதற்குப் பெயர்தான் ஜியாமெட்ரிக் டாலரன்ஸிங்.

சலுகை இல்லாமல் முடியாது. உலகத்தில் எந்த டிரில்லிங் மெஷினும் சொன்ன இடத்தில் அணு பிசகாமல் துளை போட்டதில்லை. அதனால் பக்கவாட்டில் 0.1 மில்லிமீட்டர், மேலே கீழே 0.1 என்று கொடுப்போம். இது ஒரு குட்டிச் சதுரம். துளையின் மையம் அதற்குள் இருந்தால் பாஸ்.

இதில் ஓர் அநியாயம் இருக்கிறது. சதுரத்தின் மூலைக்குப் போன துளை நிஜத்தில் 0.14 விலகியிருக்கும்; அது பாஸ். நேர் பக்கவாட்டில் 0.12 விலகினது ஃபெயில். அதிகம் தப்பு செய்தவன் உள்ளே, குறைவாகச் செய்தவன் வெளியே!

ஸ்காட்லாந்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் டார்பிடோ தொழிற்சாலை ஒன்றில் இருந்த ஸ்டான்லி பார்க்கர், 1940-ல் இதற்கு வழி எழுதினார். சதுரத்தை விடு, அதன் மூலைகளைத் தொடும் வட்டம் போடு. போல்ட்டுக்குத் திசை தெரியாது, தூரம்தான் தெரியும். அனுமதிக்கும் பரப்பு 57 சதவீதம் கூடுகிறது. பொருளின் தரம் இம்மியும் குறைவதில்லை.

இதையெல்லாம் நான் தாமதமாகத்தான் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கூடை பிளேட் 0.12 விலகல் என்று தள்ளுபடி ஆனது. போல்ட்டைப் போட்டுப் பார்த்தோம், சமர்த்தாக நுழைந்தது. "டிராயிங்படி இல்லையே" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் சொன்னது சரி. அந்த டிராயிங் போட்டவன் நான்.

எதில் கறார், எதில் தாராளம் என்பது மரக்காணத்துப் பெரியவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாமல் போனதற்கு, டிரில்லிங் மெஷின்காரருக்கு இரண்டு நாள் சம்பளம் போனது.