கடல் கடந்த சம்பளமும் உள்ளூர் வரிக் கணக்கும்

பட்டுக்கோட்டை வட்டாரத்தில் வெளிநாட்டுச் சம்பளத்தின் சுவடு படாத தெரு ஒன்றுகூட இல்லை என்று சொன்னால் அது மிகையாகாது. அதிராம்பட்டினத்திலிருந்தும் மல்லிப்பட்டினத்திலிருந்தும் பேராவூரணிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் துபாய்க்கும் சவூதிக்கும் சென்றவர்கள் பலர். புது ஆற்றுத் தண்ணீரையும் தென்னையையும் நம்பி ஊரோடு இருந்தவர்களையும், 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் அசைத்துவிட்டது. காய்க்கும் மரம் சாய்ந்தால் அடுத்த மரம் காய்ப்பதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுவான். அதுவரை உலை வைப்பது எப்படி? பலர் விமானம் ஏறினார்கள்.

அப்படிப் புறப்படும்போது வீட்டில் எல்லாம் பேசப்படுகின்றன. விசா, மருத்துவப் பரிசோதனை, ஏஜென்டுக்குக் கொடுத்த பணம், நகை அடகுச் சீட்டு, தங்கை திருமணம் எல்லாம் பேசியாயிற்று. வருமான வரி என்ற சொல் மட்டும் யார் வாயிலும் வருவதில்லை. கேட்டால் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். "துபாயில் வரியே கிடையாது, நமக்கென்ன?" என்பது ஒன்று. "அனுப்புகிற பணத்துக்கெல்லாம் வரி போட்டுவிடுவார்களாம்" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. வணிகவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது பதிலை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இந்தியாவில் வசிப்பவரா, வசிக்காதவரா என்பதை வரிச் சட்டம் பாஸ்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்வதில்லை. நாட்களை எண்ணி முடிவு செய்கிறது. வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன், ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையுள்ள ஆண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இங்கே இருந்தால் அந்த ஆண்டுக்கு அவர் வசிப்பவர். குறைந்தால் வசிக்காதவர். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இந்த அளவை, 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்துக்கு வரும் 2025ஆம் ஆண்டுச் சட்டமும் மாற்றவில்லை.

இதன் பொருள் என்ன? ஒரே தெருவிலிருந்து இரண்டு பொறியாளர்கள் துபாய் செல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் செப்டம்பர் நடுவில் விமானம் ஏறுகிறார். மற்றவர் வீட்டில் ஒரு விசேஷம் முடியட்டும் என்று அக்டோபர் நடுவில் ஏறுகிறார். முதல்வருக்கு 182 நாள் நிறையவில்லை. அவருடைய துபாய்ச் சம்பளத்தை இந்திய வரி தொடாது. இரண்டாமவர்க்கு நிறைந்துவிட்டது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை அங்கே வாங்கிய சம்பளமும் இந்தியக் கணக்கில் சேரும்! அங்கே வரி இல்லை என்பது இங்கே வரி இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. ஒரு மாத வேறுபாடு இவ்வளவு செய்யும் என்பதை டிக்கெட் எடுத்துக் கொடுப்பவர் சொல்வாரா? சம்பளம் சிறிதானால் வரம்பும் தள்ளுபடியும் அவரைக் காப்பாற்றிவிடும் என்பது உண்மையே. பெரிய சம்பளக்காரர்தான் விழித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குடியிருப்புச் சிக்கல் புதியதன்று. நமக்குத் தெற்கே செட்டிநாட்டில் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே இது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1950இல் தீர்ப்பான சுப்பையா செட்டியார் வழக்கை நம் வரிச் சட்ட நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டுகின்றன. மனைவி மக்களோடு கொழும்பில் குடியிருந்து வணிகம் நடத்தியவர் அவர். இந்துக் கூட்டுக் குடும்பத்தின் தலைவர். கணக்கெடுத்த ஆண்டில் ஏழு முறை இங்கே வந்து மொத்தம் 101 நாட்கள் தங்கினார். நிலத்தைப் பற்றிய வழக்கைக் கவனித்தார். காரைக்குடியில் வரி அதிகாரி முன் வந்து நின்றார். இங்கே இரண்டு கூட்டு வணிகங்களைத் தொடங்கினார். குடும்பத்தின் நிர்வாகம் முழுவதும் வெளிநாட்டில்தான் நடந்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு குடும்பத்தையே சார்ந்தது, அது மெய்ப்பிக்கப்படவில்லை, ஆகவே குடும்பம் இங்கே வசிப்பதாகவே கொள்ளப்படும் என்றது நீதிமன்றம். தனி மனிதனுக்கு நாள் கணக்கு, கூட்டுக் குடும்பத்துக்கு நிர்வாகக் கணக்கு என்ற இந்த வேறுபாடு இன்றும் இருக்கிறது. கொழும்பில் குடியிருப்பவன் வயல் வழக்குக்காக ஊருக்கு வந்துதானே ஆகவேண்டும்? அந்த வருகையே அவனுக்கு எதிர்ச்சாட்சி ஆகிவிட்டது.

பணம் அனுப்பினால் வரி என்ற அச்சத்துக்கு வருவோம். மகன் தாய் தந்தையருக்கோ, கணவன் மனைவிக்கோ, அண்ணன் தங்கைக்கோ அனுப்பும் பணத்துக்குப் பெறுபவரிடம் வரி கிடையாது. தொகைக்கு உச்சவரம்பும் இல்லை. இதைத் தெரியாமல் வங்கியை ஒதுக்கிவிட்டு, யாரோ ஒருவர் கையில் கொண்டுவந்து கொடுக்கும் வழியை நாடுவோர் இன்னும் இருக்கிறார்கள். வரிக்குப் பயந்து சட்டத்துக்கு வெளியே போவதாக அவர்கள் நினைக்கிறார்கள். இல்லாத வரிக்குப் பயந்து போகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

ஆனால் வந்த பணத்தை எந்தப் பெயரில் வைப்பது என்பது வேறு கேள்வி. மனைவி பெயரில் வைப்புத்தொகையாகப் போட்டால், அதன் வட்டி கணவன் வருமானத்தோடு சேர்க்கப்படும். தந்தை பெயரில் போட்டால் அப்படிச் சேர்ப்பதில்லை, வட்டி தந்தையுடையது. இதைக் கேட்டதும் தந்தை பெயரே நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வைப்புத்தொகையும் அப்போது தந்தையுடையதே. அவர் காலத்துக்குப் பின் அதற்கு எல்லாப் பிள்ளைகளும் பங்குதாரர்கள். பத்தாண்டு வெயிலில் கம்பி கட்டியவனும் ஊரிலேயே இருந்தவனும் ஒரே பங்கு கேட்டு நிற்கும் காட்சியை நம் ஊர்ப் பஞ்சாயத்துகள் அறியும். வரியை மட்டும் பார்த்து வழி சொல்பவர் இதைச் சொல்வதில்லை.

இப்போது என் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். வெளிநாடு சென்றவர் தம் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கே சம்பாதித்து அனுப்புவதற்கு என்.ஆர்.ஈ. என்று தனிக் கணக்கு உண்டு. அதன் வட்டிக்கு வரியே இல்லை. என்.ஆர்.ஓ. வட்டிக்கோ வங்கி முதல் ரூபாயிலிருந்தே நூற்றுக்கு 30 பிடிக்கிறது. கூடுதல் தீர்வையும் சேர்ந்து 31.2 ஆகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலம் விற்ற பங்காகக் கிடைத்த 5 லட்சம் ரூபாயைச் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் ஒருவர் என்.ஆர்.ஓ. வைப்பாகப் போட்டிருக்கிறார். வட்டி 7 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 35,000 ரூபாய். அதில் 10,920 ரூபாய் பிடித்தம். அவருடைய அடுத்த வீட்டுக்காரர் ஊரிலேயே இருக்கிறார். அதே வங்கியில் அதே தொகை போட்டிருக்கிறார். அவருக்குப் பிடித்தம் ஒரு காசும் இல்லை. ஏனென்றால் 2025 ஏப்ரல் முதல் உள்ளூரில் வசிப்பவருக்கு ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி பிடிக்கும். மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம். தாண்டினாலும், என் வருமானம் வரம்புக்குள்தான் என்று எழுதிக் கொடுக்க 15ஜி, 15எச் என்று நெடுங்காலம் வழங்கிவந்த படிவங்கள் வசிப்பவருக்கு உண்டு. வெளிநாட்டில் இருப்பவர் அவற்றைக் கொடுக்க முடியாது.

இவர்மேல் உண்மையில் வரி உண்டா என்றால், இல்லை! இந்தியாவில் அவர் வருமானம் இந்த 35,000 மட்டுமே. அடிப்படை விலக்கு வரம்புக்கு மிகமிகக் கீழே. பிடித்த பணம் முழுவதும் அவருடையது. ஆனால் கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்பும். தாக்கல் செய்யாவிட்டால் அரசிடமே நின்றுவிடும். வரி கட்ட வேண்டிய கடமை இல்லாதவன்தான் கட்டாயமாகக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது என்பது எவ்வளவு விந்தை!

இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்கள் இருக்கின்றனவே என்று பேராசிரியர்கள் கேட்கலாம். இருக்கின்றன. வட்டி மீதான வரி மலேசிய ஒப்பந்தப்படி 10 விழுக்காட்டையும், ஐக்கிய அரபு அமீரகத்தின் ஒப்பந்தப்படி 12.5 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. ஆனால் அந்தச் சலுகையைப் பெற அந்நாட்டு வரித்துறையின் வசிப்பிடச் சான்றிதழ் வேண்டும். தொழிலாளர் முகாமில் படுத்து விடியுமுன் லாரி ஏறுகிறவர், பத்தாயிரம் ரூபாய்க்காக அந்தச் சான்றிதழுக்கு அலைவாரா? முன்கூட்டியே இங்குள்ள வரி அதிகாரியிடம் குறைந்த பிடித்தத்துக்கு அனுமதி பெறும் வழியும் உண்டு. வழிகள் எல்லாம் ஆடிட்டர் வைத்திருப்பவருக்கே வழிகளாக இருக்கின்றன.

வெளிநாட்டில் இருப்பவரைத் துரத்திப் பிடிக்க முடியாது, ஆகவே பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்வதுதான் முறை என்பது அரசுத் தரப்பு வாதம். பல லட்சத்துக்கு வீடு விற்றுவிட்டுப் போகிறவர் விஷயத்தில் இதை நான் ஒப்புக்கொள்வேன். வங்கி வட்டிக்கு இது பொருந்துமா? முதல் இங்கேயே வங்கியில் கிடக்கிறது. பான் எண்ணும் வங்கியிடம் இருக்கிறது. ஓடிப்போவதற்கு என்ன இருக்கிறது? வசிப்பவருக்கு உள்ள அதே 50,000 ரூபாய் வரம்பை என்.ஆர்.ஓ. வட்டிக்கும் கொடுப்பதால் கருவூலம் காலியாகிவிடாது. எப்படியும் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம்தானே அது.

குரல் எழுப்பினால் பலன் உண்டு என்பதற்கு அண்மைக்காலச் சான்று இருக்கிறது. 2020 பிப்ரவரி 1 அன்று வைத்த வரவு செலவுத் திட்டத்தில், வேறெந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியக் குடிமகனை இங்கே வசிப்பவராகவே கருதலாம் என்று ஒரு விதி வந்தது. வளைகுடாவில் உழைப்போரிடையே பெருங்கலக்கம். மறுநாளே நிதியமைச்சகம், அங்கே நேர்மையாக உழைப்போரின் சம்பளத்துக்கு வரி போடும் நோக்கம் இல்லை என்று விளக்கம் தந்தது. பின்னர் சட்டமானபோது, வெளிநாட்டு வருமானம் நீங்கலாக 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவருக்கே அந்த விதி என்று சுருக்கப்பட்டது. நம் அருகிலுள்ள ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் 1980 முதல் 1982 வரை இந்நாட்டின் நிதியமைச்சராக இருந்தவர். நிதியமைச்சரையே தந்த வட்டாரம் ஒரு வரம்பைக் கேட்டு விண்ணப்பம் அனுப்பத் தயங்க வேண்டியதில்லை.

அது வரும்வரை என்ன செய்வது? நம் வணிகவியல் மன்றம் ஆண்டுதோறும் பட்டிமன்றமும் வினாடி வினாவும் நடத்துகிறது. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஜூன், ஜூலை மாதங்களில் ஞாயிறுதோறும் பேருந்து நிலையத்தின் அருகே ஒரு மேசை போட்டு, வெளிநாடு சென்றோர் வீட்டாருக்குக் கணக்கு எழுத உதவலாம் என்பது என் யோசனை. பேராசிரியர் ஒருவர் மேற்பார்வை அவசியம் வேண்டும். ஏனெனில் நாம் வகுப்பில் பழகிய ஒன்றாம் எண் படிவம் இவர்களுக்குச் செல்லாது. அது வசிப்பவருக்கு மட்டுமே. இரண்டாம் எண் படிவம் நீளமானது. ஆதார் வழி உறுதி செய்ய வேண்டுமானால் பதிவு செய்த கைப்பேசி எண் உயிரோடு இருக்க வேண்டும். வெளிநாடு போனதும் பழைய சிம் செத்துவிடுகிறது. அப்படியானால் ஒப்புகைத் தாளில் கையெழுத்து வாங்கி 30 நாட்களுக்குள் பெங்களூர் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். மேசைக்கு வருவோர் கொண்டுவர வேண்டியவை: பான் அட்டை, வங்கி தரும் பிடித்தச் சான்று, போக வர முத்திரை பதிந்த பாஸ்போர்ட் பக்கங்களின் நகல். வழக்கமான கடைசி நாள் ஜூலை 31.