மகேந்திரவர்மனும் நானும்

எனக்கும் கெமிஸ்ட்ரிக்கும் பத்தாம் வகுப்போடு பேச்சுவார்த்தை கிடையாது. பதினொன்றில் காமர்ஸ் குரூப் எடுத்ததற்கு வீட்டில் சொன்ன காரணம், 'பேங்க் வேலைக்கு நல்லது'. உண்மையான காரணம் வேலன்சி. பேங்க் வேலையும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இந்தப் பக்கத்தில் நீங்கள் பற்பொடி விளம்பரம் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அப்படிப்பட்ட என்னை, மண்டகப்பட்டிலிருந்து அக்கா போனில் கூப்பிட்டு, "நீ டிகிரி படிச்சவன்தானே? உடனே வந்து இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு" என்றாள். அந்த டிகிரி பி.காம். என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

'இவன்' என்பது அக்கா பையன். முறைப்படி எனக்கு மருமகன். (எனக்குப் பெண் கிடையாது என்பதால் இருவரும் நிம்மதியாக இருக்கிறோம்.) பத்து முடித்தவனைக் கடலூர்ப் பக்கம் ஓர் ஐ.டி.ஐ.யில் சேர்த்திருந்தார்கள். கோர்ஸின் பெயர் 'அட்டெண்டன்ட் ஆபரேட்டர், கெமிக்கல் பிளான்ட்'. இரண்டு வருஷம். முடித்தால் தேசியத் தொழிற்சான்றிதழ். பிறகு 1961-ம் வருஷத்து அப்ரன்டிஸ் சட்டப்படி ஏதாவது ஃபாக்டரியில் பயிற்சி. அதிர்ஷ்டம் இருந்தால் அங்கேயே வேலை. பையன் நாலாவது மாதமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இனிமேல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டானாம்.

விழுப்புரத்தில் இறங்கி, செஞ்சி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். மாமா (அக்கா வீட்டுக்காரர்) திண்ணையில் இருந்தார். "கிரஷர்ல ஆள் கேக்கறாங்க மாப்ள. திங்கக்கிழமைலேர்ந்தே சம்பளம். இவன் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறான்?" என்றார். குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம்.

பையனைத் தனியாகப் பிடித்தேன்.

"ஏண்டா?"

"வால்வைத் திறக்கறதுக்கும் மூடறதுக்கும்தானே மாமா கோர்ஸு? அதுக்கு எதுக்கு வேலன்சி?"

இதே கேள்வியைத்தான் நான் பத்தாம் வகுப்பிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியாதபோது பெரியவர்கள் செய்வதைச் செய்தேன். "வா, குகை வரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்றேன்.

மண்டகப்பட்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. சுமார் 1,400 வருஷம் பழசு. ஒரே பாறையில் கனத்த தூண்கள், இரண்டு ஓரங்களிலும் வாயிற்காவலர்கள், உள்ளே பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் மூன்று அறைகள். இப்போது மூன்றும் காலி. அங்கே கிரந்த எழுத்தில், சமஸ்கிருதத்தில் ராஜா ஒரு கல்வெட்டு விட்டுப் போயிருக்கிறார். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு நாலும் இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்தது விசித்திரசித்தன் என்று. விசித்திரசித்தன் என்பது அவருடைய பட்டப்பெயர். பொருத்தமான பெயர்தான்.

நான் உற்சாகமாகிவிட்டேன். "பார்த்தியா? செங்கல்னா களிமண்ணைச் சுடணும். உலோகம்னா தாதுவை உருக்கணும். சுண்ணாம்புன்னா காளவாய் போடணும். நாலுல மூணு கெமிஸ்ட்ரி. ராஜா எல்லாத்தையும் வேண்டாம்னு சொல்லிட்டார். தமிழ்நாட்டுல கெமிஸ்ட்ரியை விட்டு ஓடின முதல் ஆள் நான் இல்லைடா!"

பையன் தூணைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "உளி எதுல செஞ்சாங்க மாமா?"

எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பாறையில் இறங்கும் உளி என்றால் சாதா இரும்பு போதாது. கரி சேர்ந்த எஃகு வேண்டும். மழுங்க மழுங்க உலையில் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து எடுக்கக் கொல்லன் வேண்டும். கல்வெட்டில் கொல்லனுக்கு இடம் இல்லை. இருந்தாலும் அவன் இல்லாமல் ராஜாவுக்குக் கோயிலும் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டவனையா மக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

"இவ்ளோ யோசிக்கறியே, உனக்கு என்னடா கஷ்டம் அங்கே?"

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு முழுக்கைச் சட்டையை மேலே ஏற்றினான். முழங்கைக்குக் கீழே ஏழெட்டுப் பழுப்புப் புள்ளிகள். சல்ஃப்யூரிக் ஆசிட். அளவு பார்த்துக் கலக்கச் சொன்னபோது ஆசிட்டில் தண்ணீரை ஊற்றியிருக்கிறான். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. வீட்டில் சொல்லவில்லை.

"சொல்லிக் குடுக்கலையா?"

"சொன்னாங்க. தண்ணியிலதான் ஆசிட்டை ஊத்தணும்னு போர்டுலகூட எழுதியிருக்கு. ஏன்னு யாரும் சொல்லலை. பரீட்சைக்கு வர்ற கேள்வின்னு நெனச்சுட்டேன்."

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அவனுடைய புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். கெமிஸ்ட்ரி புத்தகத்தைச் சொந்த விருப்பத்தில் நான் திறந்தது அதுதான் முதல் தடவை. அடர்ந்த சல்ஃப்யூரிக் ஆசிட் ஒரு லிட்டர் 1.84 கிலோ எடை. தண்ணீர் லேசு. ஆசிட்டின் தலையில் தண்ணீரை ஊற்றினால் அது மேலேயே நின்று, கலக்கும் இடத்தில் கிளம்பும் சூட்டில் அங்கேயே கொதித்து, ஆசிட்டையும் அள்ளிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். தண்ணீரில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் அது அடியில் இறங்கும். சூட்டை மொத்தத் தண்ணீரும் பங்கு போட்டுக்கொள்ளும். இவ்வளவுதான் விஷயம். இதை ஒருத்தர் உட்கார்ந்து சொல்ல இரண்டு நிமிஷம் ஆகுமா?

1984 டிசம்பர் 2-ம் தேதி ராத்திரி, போபாலில் மெத்தில் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் போனது. அதுவும் தண்ணீர் பட்டால் சூடாகும் சரக்கு. சுமார் 40 டன். விடிவதற்குள் என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காரியத்தில் பெரிய இடத்துத் தப்புகள் நிறைய. ஆனாலும் ராத்திரி ஷிஃப்டில் வால்வுக்குப் பக்கத்தில் நிற்பது என்னவோ என் மருமகன் மாதிரி ஓர் ஆள்தான். வேலன்சி எதற்கு என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. கொஞ்சம் லேட்.

காலையில் அக்காவின் சுண்ணாம்பு டப்பாவை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். சமன்பாடு என்றாலே அவனுக்கு நடுக்கம். எனக்குத் தெரிந்ததோ பேரேடு ஒன்றுதான். "100 கிலோ சுண்ணாம்புக்கல் காளவாயில போட்டா, சுட்ட சுண்ணாம்பு 56 கிலோதான் வரும். ஆடிட்டர் விடுவாரா? பாக்கி 44 எங்கேன்னு கேப்பார்."

"எங்கே?"

"புகையோட போச்சு. கார்பன் டை ஆக்ஸைடு. அதையும் வரவு வெச்சா கணக்கு நேர். சமன்பாட்டுல நீ செய்யற வேலை இதுதான்."

தண்ணீர் விட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு. அதைச் சுவரில் பூசினால், போன 44-ஐக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல். கடன் கொடுத்தவன் தேடி வந்து தருகிற ஒரே இடம் கெமிஸ்ட்ரிதான் போலிருக்கிறது. இந்தத் தராசுக் கணக்கைக் கெமிஸ்ட்ரியில் நிலைநாட்டிய லவாய்சியே, பிரெஞ்சு ராஜாவுக்கு வரி வசூலித்த கம்பெனியில் பங்குதாரர். நம்ம ஜாதி. (அதற்காகவே 1794-ல் தலையை எடுத்துவிட்டார்கள். பையனிடம் இந்தப் பகுதியைச் சொல்லவில்லை.)

பையன் நோட்டை இழுத்து எட்டு சமன்பாடு போட்டான். ஆறு சரி. அந்த ஆறும் சரி என்பதை அவன்தான் எனக்கு விளக்கினான்.

கையில் இருந்த புள்ளிகளை மாமாவிடம் அவனே காட்டினான். அவர் வெகுநேரம் பார்த்தார். கிரஷரில் சிலிர் பட்ட தன் முழங்கையை ஒருமுறை தடவிக்கொண்டார். "கண்ணாடி போட்டிருந்தியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு என்னிடம், "சரி, பொங்கல் வரைக்கும் பாக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிசு.

திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸுக்குப் பையன் கிளம்பிப் போனான். நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து அக்காவின் சத்தம். பக்கத்து வீட்டுக்கு மறுவீடு வரும் புதுப் பெண் மாப்பிள்ளைக்காக, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் சிவக்கச் சிவக்க ஆரத்தி கரைத்து வைத்திருந்தாள். போகிற போக்கில் யாரோ அதில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டுப் போயிருந்தார்கள். தட்டு முழுக்கப் பழையபடி மஞ்சள்.

"என்னடா இது?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடுக்கா. சிவந்துடும்" என்றேன்.