வெட்டுவது லேசர் மட்டும்தானா?

லேசர் என்ற சொல்லின் விரிவாக்கம் கேட்டால் எங்கள் வகுப்பில் தூக்கத்தில்கூடச் சொல்லுவோம். முதலாம் ஆண்டு இயற்பியலில் அப்படி மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால், "லேசர் உருக்கின இரும்பு எங்கே தம்பி போகுது?" என்று பயிற்சிக்குப் போன பட்டறையில் மெஷின் ஓட்டும் அண்ணன் கேட்டபோது நான் முழித்தேன்.

யோசித்துப் பாருங்கள். தகடு வெட்டும்போது லேசர் முக்கியமாகச் செய்வது உருக்குவதுதான். உருகியதை அப்படியே விட்டால் அங்கேயே மறுபடி இறுகிவிடும். அப்புறம் அது வெட்டு இல்லை, வெல்டிங்! உருகின உலோகத்தைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளுவது, லேசர் இறங்கும் அதே நாசில் வழியாகப் பாயும் வாயு.

ஆரம்பத்திலிருந்தே கதை இப்படித்தான். 1967 மே மாதம் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் அருகே இருந்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில், பீட்டர் ஹோல்டுகிராஃப்ட் கார்பன் டை ஆக்சைடு லேசரோடு ஆக்சிஜனையும் சேர்த்துச் செலுத்தி 1 மி.மீ. எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார்.

எந்த வாயு என்பதும் முக்கியம். ஆக்சிஜன் இரும்பை எரித்துக் கூடுதல் வெப்பம் தரும். அழுத்தம் குறைவாக இருந்தாலே போதும். ஆனால் வெட்டிய ஓரத்தில் ஆக்சைடு படலம் படியும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் நாளாவட்டத்தில் உரிந்து வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு நைட்ரஜன் போட்டால் ஓரம் பளிச்சென்று இருக்கும். ஆனால் நைட்ரஜன் எரிய உதவாது, வெறும் வேகத்தால்தான் தள்ள வேண்டும். அதனால் 10 பாருக்கு மேல் அழுத்தம் தேவைப்படும், வாயுச் செலவும் ஏறும்.

இதில் கோட்டை விட்டால், உருகினது முழுசாக வெளியேறாமல் அடி ஓரத்தில் பிசிறாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் பட்டறையில் ஒருநாள் முழுக்க இரண்டு பேர் கிரைண்டரோடு உட்கார்ந்து பிசிறு தேய்த்தார்கள். கண்ணில் தூசி, காதில் இரைச்சல். காரணம், வாய் நெளிந்துபோன ஒரு சின்னச் செம்பு நாசில்.

மெஷின் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை கிலோவாட் என்றுதான். நாங்கள் படிப்பதும் ஒளியைப் பற்றி மட்டும்தான். வாயுவையும் நாசிலையும் அலட்சியப்படுத்துவதற்கான விலையைக் கடைசியில் கிரைண்டர் பிடிப்பவர்தான் கொடுக்கிறார்.

என் கருத்து இதுதான். ஒரே தகடு, ஒரே லேசர் திறன், வாயு அழுத்தத்தை மட்டும் மாற்றி நாலு வெட்டு வெட்டிப் பார்க்க ஒரே ஒரு செய்முறை வகுப்பு வையுங்கள். பிறகு தகட்டைத் திருப்பிக் காட்டுங்கள். மிச்சப் பாடத்தை அந்த அடிப்பக்கமே சொல்லிக்கொடுத்துவிடும்.