மலைக்கு ஒரு புகை, மீட்டருக்கு ஒரு புகை



மலருக்கு எழுதச் சொன்னதும் பாதிப் பேர் காதல் கவிதை கொடுத்துவிட்டார்கள். மீதிப் பேர் "அம்மா" என்று தலைப்பு வைத்துவிட்டார்கள். ஆட்டோமொபைல் பிரிவிலிருந்து ஒருத்தனாவது வண்டியைப் பற்றி எழுத வேண்டாமா? அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பண்ணாரி ரோட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கோயமுத்தூர் பக்கமிருந்து வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் வரிசையாக வரும். திம்பம் ஏறப் போகிறவை. சைலன்சரை மாற்றி, டர்போவை ஏற்றி, கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவைத் திருத்தி வைத்த வண்டிகளும் அதில் உண்டு. சத்தத்தைக் கேட்டாலே தெரியும். நாங்களும் கையைத் தட்டிக்கொண்டு நிற்கிறவர்கள்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். பார்முலா மாருதி காரை உருவாக்கிய கரிவரதன் பிறந்த மண் இது. 1995-ல் விமான விபத்தில் அவர் போன பிறகும் செட்டிபாளையம் ரேஸ் டிராக் அவர் பெயரில்தான் இருக்கிறது. 2005-ல் பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் நம்ம கோவைக்காரர். ஆகவே நான் காருக்கு எதிரி அல்ல!

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்தக் கார்களிடமும் புகைச் சான்றிதழ் இருக்கிறதே, அது எப்படிக் கிடைத்தது?

நம் நாட்டில் வெளிநாட்டுக் கார் என்றால் வரிதான் செய்தி. 2012-ல் நடிகர் விஜய் இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்த ரோல்ஸ்ராய்ஸுக்கு நுழைவு வரி வழக்கு 2021-ல் ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அதன் புகையைப் பற்றி யாராவது ஒரு வரி பேசினார்களா? பழைய கார் இறக்குமதிக்குச் சட்டம் கடுமைதான். மூன்று வருஷத்துக்கு மேல் பழசாக இருக்கக்கூடாது, ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். துறைமுகத்தில் இத்தனை கெடுபிடி. ஆனால் வண்டி ரோட்டுக்கு வந்து, பிறகு பட்டறைக்குள் போய், வேறு வண்டியாக வெளியே வந்தால் யார் பார்ப்பது?

பார்க்க வேண்டியது புகை டெஸ்ட். 1989-ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-வது விதி. பாரத் ஸ்டேஜ் நான்கு பெட்ரோல் காருக்கு நின்ற இடத்தில் ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோ கார்பன் 200 பி.பி.எம். தாண்டக்கூடாது. பிறகு ஆக்ஸிலேட்டரை 2500 சுற்றுக்கு ஏற்றி ஒரு தடவை பார்க்க வேண்டும். அங்கே 0.2 சதவீதம்தான். காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் எரிகிறதா என்பதையும் மீட்டரே சொல்லும். எண்களைப் பார்த்தால் கடுமையான சட்டம்!

ஆனால் நண்பர்களே, இந்தப் பரிட்சை முழுக்க வண்டி நிற்கும்போது நடக்கிறது. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. அதில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஏறும்போது, இஞ்சின் சூடு தாங்குவதற்காகக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகம் ஊற்றும். பதினாலே முக்கால் பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்கிற கணக்கெல்லாம் அங்கே காணாமல் போய்விடும். மோனாக்சைடு எகிறும். அதை ஓரளவாவது பிடிக்கத்தான் சைலன்சர் குழாயில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய கன்வெர்ட்டர் வைத்தார்கள். 1995 ஏப்ரலிலிருந்து சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது. நம்ம ஆட்கள் முதலில் கழற்றுவதே அதைத்தான், "காத்து அடைக்குதுங்க" என்று. நைட்ரஜன் ஆக்சைடு என்று ஒன்று இருக்கிறதே, அதை இந்த டெஸ்டில் அளப்பதே கிடையாது.

அப்படியானால் தேறுவது எப்படி? பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. டெஸ்ட் அன்றைக்கு மட்டும் பழைய கன்வெர்ட்டரை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. குழாயைப் பாதி மட்டும் செருகி வெளிக்காற்றைக் கலக்க விடுகிறவர்களும் உண்டு. இதை மீட்டரே காட்டிக்கொடுக்கும்: நல்ல இஞ்சினில் கார்பன் டை ஆக்சைடு 13, 14 சதவீதம் வர வேண்டும், ஆறு ஏழு என்று வந்தால் காற்றுக் கலப்படம். பார்க்க மனசிருந்தால் பார்க்கலாம்.

ஒரே ஒரு சங்கதி சொல்கிறேன். எங்கப்பா மல்லிகைப்பூ மூட்டையை மார்க்கெட்டுக்குக் கொண்டு போகிற டூ ஸ்ட்ரோக் டி.வி.எஸ்.ஸுக்குச் சான்றிதழ் வாங்க நானும் கூடப் போயிருந்தேன். இடம் எது என்பது வேண்டாம். அங்கிருந்த பையன் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தான். பேப்பரை நீட்டினான். "குழாயை உட்டுப் பாக்க வேண்டாங்களா தம்பி?" என்று அப்பா கேட்டார். "போட்டோ போதுங்ணா, உங்க வண்டியில என்னத்தைப் பாக்கறது" என்றான். எழுதப் படிக்கத் தெரியாத எங்கப்பா அந்தப் பேப்பரை வாங்கி மடித்து, ரேஷன் கார்டு வைக்கிற கவரில் பத்திரமாக வைத்தார். அதில் அச்சாகியிருந்த அளவுகளை நான் படித்துக் காட்டவில்லை. படித்து என்ன பிரயோஜனம்? அளக்காத வண்டிக்கு எண் எங்கிருந்து வந்தது!

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்காதீர்கள். டெல்லியைப் பற்றி 2025-ல் சட்டமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கை, அளவைத் தாண்டிய வண்டிகளுக்கே ஒரு லட்சத்துக்கு மேல் சான்றிதழ் கொடுத்ததைக் கண்டுபிடித்தது. படித்த ஜெர்மனிக்காரர்கள் இன்னும் மேலே போனார்கள். டெஸ்ட் நடக்கிறது என்று மோப்பம் பிடித்து அப்போது மட்டும் நல்ல புகை விடும் சாப்ட்வேரை வோக்ஸ்வாகன் வைத்திருந்தது 2015-ல் அம்பலமானது. உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். இங்கே பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் 500 கோடி அபராதம் போட்டது, விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

சரி, தீர்வு என்ன? "மாற்றவே கூடாது" என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக ஆல்டரேஷன் செய்தால் 52-வது பிரிவுப்படி தப்பு. அதே வருஷத் திருத்தத்தில் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. புகைக் கட்டுப்பாட்டை மீறினால் 10,000 ரூபாய் வரை. கோடி ரூபாய்க் கார்க்காரருக்கு 10,000 ரூபாய் ஒரு டீச் செலவு. எங்கப்பாவுக்கு அது ஒரு சீசன் பூ.

எனக்கு இந்த மொத்தத் தடையில் நம்பிக்கை இல்லை. தடை இருப்பதால்தான் வேலை இருட்டில் நடக்கிறது. கேஸ் கிட் மாட்ட அங்கீகாரம் கொடுக்கிறார்களே, அதுபோல அளந்து பார்த்து அங்கீகரித்த சைலன்சருக்கும் கொடுத்தால் என்ன? ஜெர்மனியில் மாற்றிய பாகத்தை இஞ்சினியர் சோதித்து வண்டிப் பத்திரத்திலேயே ஏற்றுகிறார். கலிபோர்னியாவில் பானெட்டைத் திறந்து ஒவ்வொரு பாகத்துக்கும் அனுமதி எண் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கிறார்கள். இங்கேயும் மாற்றிய வண்டியை உருளை மேல் ஏற்றி, பாரம் கொடுத்து ஓட்டி அளக்கட்டும். தேறினால் பிரேக் இன்ஸ்பெக்டர் ஆர்.சி.யில் எழுதிக் கொடுக்கட்டும். தேறாத வண்டி ரேஸ் டிராக்கில் ஓடட்டும். புலிகள் இரட்டிப்பானதற்கு 2022-ல் உலக விருது வாங்கிய காடு நம்முடையது. அதே வருஷம் ராத்திரிப் போக்குவரத்துக்கு உயர்நீதிமன்றம் கட்டுப்பாடு போட்ட ரோடு அந்தத் திம்பம் ரோடு. அங்கே கன்வெர்ட்டர் இல்லாத வண்டிக்கு என்ன வேலை?

இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. அந்த டெஸ்டிங் சென்டர்களில் நாளைக்கு உட்காரப் போவது யார்? நாம்தான். சம்பளம் கம்மி, முதலாளி "போட்டோ போதும்" என்பார், வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான், அந்தப் பயம் எனக்கும் தெரியும். அதனால் "நேர்மையாக இரு" என்று யாருக்கும் உபதேசம் பண்ண மாட்டேன். குழாயைச் செருகாமல் பிரிண்ட் வராத மாதிரி மெஷினையே பூட்டச் சொல்லி நம் சங்கம் போக்குவரத்துத் துறைக்கு மனு போட வேண்டும் என்கிறேன். ஆபரேட்டரை முதலாளியிடமிருந்து காப்பாற்றுவது அந்தப் பூட்டுதான்.

இன்னொன்று. நம் லேபில் ஒரு கேஸ் அனலைசர் உறை போட்டு இருக்கிறது. செமஸ்டருக்கு ஒரு தடவை வெளியே வருகிறது. மாதம் ஒரு நாள் அதை கேட்டுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்து, ஊர்க்காரர் வண்டிகளை இலவசமாக அளந்து, வந்த எண்ணை அப்படியே துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். சங்கம் சேர்ந்து கேட்டால் துறைத்தலைவர் மறுக்க மாட்டார். சனிக்கிழமை மத்தியானம் லேப் சும்மாதான் கிடக்கிறது.