கூரைக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மல்லாந்த நிலையில் செங்குத்தாக மேலே இழுத்துச் செல்லப்பட்ட வண்டி, உச்சியை அடைந்ததும் சில விநாடிகள் அசையாமல் நின்றது. கீழே பார்க்க வேண்டாம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். பார்த்துவிட்டேன். தண்டவாளம் கண்ணுக்குத் தெரியவில்லை. 90 பாகை என்பது செங்குத்து. இந்தத் தண்டவாளமோ 121.5 பாகை சரிகிறது. அதாவது, செங்குத்தையும் தாண்டி உள்நோக்கி மடிகிறது. உச்சியில் அமர்ந்திருப்பவருக்குத் தனக்குக் கீழே வெற்றிடம் மட்டுமே இருப்பதாகத் தோன்றுவது அதனால்தான். பக்கத்தில் அமர்ந்திருந்த பதினொரு வயதுப் பேத்தி, "கண்ணை மூடிக்காதீங்க தாத்தா" என்றாள். அதற்குப் பிறகு நடந்தவற்றை விவரிக்கும் ஆற்றல் எனக்கு இல்லை.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம், பெர்கன் மாவட்டத்தில் வசிக்கும் என் அண்ணன் மகளின் குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் 'அமெரிக்கன் ட்ரீம்' என்னும் வணிக வளாகத்துக்குள் இருக்கும் 'நிக்கலோடியன் யுனிவர்ஸ்' கேளிக்கைப் பூங்காவில் கழித்தேன். "சித்தப்பா, உங்களுக்கு வேண்டாம்னா கீழேயே உட்கார்ந்திருங்க" என்று அண்ணன் மகள் சொன்னதில் இருந்த அக்கறைதான் என்னை வரிசையில் நிற்க வைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐம்பதைக் கடந்தவர்களிடம் சொல்லக் கூடாத சில சொற்கள் உண்டு.

எட்டரை ஏக்கர் பரப்பு, அதன்மீது ஒரே கூரை. மழை, வெயில், பனி எதுவும் உள்ளே வருவதில்லை. 43 மீட்டர் உயரமும் மணிக்குச் சுமார் 100 கி.மீ. வேகமும் கொண்ட 'ஷெல்ரெய்சர்' என்னும் அந்த ரோலர் கோஸ்டர், 2019-இல் திறக்கப்பட்டபோது உலகிலேயே மிகச் செங்குத்தானது என்ற பெருமையைப் பெற்றது. அதே கூரைத் தொடரின் கீழ் செயற்கை அலைகள் எழும் நீர்ப்பூங்கா, பனிச்சறுக்கு மலை, பனித்தளம், கடைகள், உணவகங்கள். வளாகத்தை ஒட்டி நிற்பது மெட்லைஃப் அரங்கம். 2026 உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதியாட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம். மன்ஹாட்டன் அங்கிருந்து சுமார் 13 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது.

பூங்காவுக்குச் செல்லும் வழியில்தான் எனக்கு முதல் வியப்பு காத்திருந்தது. பெர்கன் மாவட்டத்தின் பராமஸ் நகரம், அமெரிக்காவில் சில்லறை வணிகம் மிக அதிகமாக நடைபெறும் ஊர்களில் ஒன்று. நெடுஞ்சாலையின் இருபுறமும் கடைகள், பேரங்காடிகள். அன்று அவற்றின் வாகன நிறுத்துமிடங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. ஏதோ துக்க நிகழ்வு என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். "இங்கே ஞாயிற்றுக்கிழமை துணி, மேசை நாற்காலி, மின்சாதனம் எதுவும் விற்கக் கூடாது, சட்டம்" என்றார் அண்ணன் மகளின் கணவர். நுகர்வோரின் தேசம் என்று உலகம் அறிந்திருக்கும் நாட்டில், அதுவும் நியூயார்க்கின் வாசலில், வாரத்தில் ஒரு நாள் வாங்கவும் விற்கவும் தடை!

'நீலச் சட்டம்' என்று வழங்கப்படும் இதன் வேர், ஞாயிற்றுக்கிழமையைத் தொழுகைக்கு ஒதுக்கிய காலனிய காலத்துக்குச் செல்கிறது. 1959-இல் நியூ ஜெர்சி மாநிலம், இந்தத் தடையை ஏற்பதா வேண்டாமா என்பதை அந்தந்த மாவட்ட வாக்காளர்களிடமே விட்டது. மாநிலத்தின் 21 மாவட்டங்களில் இன்றும் தடையைக் கைவிடாமல் இருப்பது பெர்கன் மட்டுமே. 1993-இல் மக்களிடம் மீண்டும் வாக்கெடுக்கப்பட்டபோதும் அவர்கள் தடையையே தேர்ந்தெடுத்தனர். 2012-இல் சாண்டி புயல் தாக்கியபோது, மக்கள் அவசரப் பொருள்களை வாங்குவதற்காக அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி நவம்பர் மாதத்தின் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தடையை நிறுத்திவைத்தார். அதற்கே எதிர்ப்பு எழுந்தது.

இன்று அந்த வாக்காளர்களில் பலருக்கு இது சமயம் சார்ந்த விஷயமே அல்ல. ஆறு நாள்கள் கடைக்கு வருவோரின் வாகனங்களால் திணறும் சாலைகள், ஒரு நாளாவது தங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதே அவர்களது விருப்பம். மறுதரப்பு வாதத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சனிக்கிழமையைப் புனித ஓய்வு நாளாகக் கொள்ளும் யூதக் கடைக்காரருக்கு இந்தச் சட்டம் வாரத்தில் இரண்டு நாள் வருமானத்தை இல்லாமல் செய்கிறது. ஞாயிறு மட்டுமே விடுமுறை கிடைக்கும் தொழிலாளி, குழந்தைக்குச் சட்டை வாங்க அடுத்த மாவட்டத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஆனால், கேளிக்கைக்கும் உணவுக்கும் ஞாயிற்றுக்கிழமை தடை இல்லை. ஆகவேதான் பராமஸ் வெறிச்சோடிக் கிடக்க, ரோலர் கோஸ்டர் வரிசை நீண்டிருந்தது. 2019-இல் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வளாகத்தின் நடைமுறையும் இதுவாகவே இருந்தது: பூங்காக்கள் இயங்கும், துணிக்கடைகள் மூடியிருக்கும். அந்த எல்லைக்கோடு மீறப்படுவதாகக் குற்றம்சாட்டி, 2025 ஆகஸ்டில் பராமஸ் நகரம் நீதிமன்றத்தை நாடியது. எங்கள் கடைகள் சட்டத்தை மதித்து மூடியிருக்கும்போது, சில மைல் தொலைவில் அதே மாவட்டத்துக்குள் ஒரு வளாகம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை விற்பனை செய்வது எப்படி முறையாகும் என்பது வழக்கின் சாரம். எங்கள் வளாகம் இருப்பது மாநில அரசுக்குச் சொந்தமான நிலத்தில். எனவே மாவட்டத்தின் இந்தத் தடை எங்களைக் கட்டுப்படுத்தாது என்பது வளாகத் தரப்பின் வாதம்.

இந்த வாதத்தைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். நிலம் பொதுமக்களுடையது, ஆகையால் பொதுமக்கள் வாக்களித்து வைத்துக்கொண்ட சட்டம் அங்கே செல்லாது! சட்ட நுணுக்கத்தில் இது நிற்குமா என்பதை நீதிமன்றம் சொல்லும். ஆனால், இந்த வளாகத்தின் கதையில் 'அரசு நிலம்' என்ற சொல் கைகொடுப்பது இது முதல் முறை அல்ல.

2004-இல் 'சனடூ' என்ற பெயரில் தொடங்கிய கட்டுமானம் இது. முதலில் கட்ட வந்த நிறுவனம் நிதி நெருக்கடியில் வீழ்ந்தது. அடுத்து வந்தவர்களுக்கு 2008 நிதி நெருக்கடியின் பின்விளைவாகக் கடன் வரத்து நின்றது. 2009-இல் பணிகள் முடங்கின. சதுப்பு நிலத்தின் நடுவே பல வண்ணத் தகடுகள் போர்த்திய பெருங்கூடு ஒன்று ஆண்டுக்கணக்கில் வெறுமனே நின்றது. நியூ ஜெர்சியிலேயே, ஒருவேளை அமெரிக்காவிலேயே, மிக அசிங்கமான கட்டடம் என்று அதைச் சாடிய ஆளுநர் கிறிஸ்டியேதான் பிறகு அதை முடித்துவைக்க அரசின் ஆதரவையும் அளித்தார். கனடாவின் வெஸ்ட் எட்மன்டன் மாலையும், மினசோட்டாவின் மால் ஆஃப் அமெரிக்காவையும் நடத்தி வந்த 'ட்ரிபிள் ஃபைவ்' குழுமம் 2011-இல் பொறுப்பேற்றுப் பெயரை மாற்றியது. பேரங்காடிக்குள் ரோலர் கோஸ்டரைக் கொண்டுவந்து வெற்றி கண்ட குழுமம் அது.

திட்டத்தின் மொத்தச் செலவு 500 கோடி டாலரைத் தாண்டியது. அதில் சுமார் 110 கோடி டாலர், 2017-இல் நகராட்சிப் பத்திரங்கள் மூலம் திரட்டப்பட்டது. பள்ளிக்கூடம், பாலம், குடிநீர்த் திட்டம் போன்றவற்றுக்கு நிதி திரட்டப் பயன்படுத்தப்படும் வகைப் பத்திரம் இது. அவற்றில் 80 கோடி டாலருக்கு ஈடாகக் காட்டப்பட்டது, சொத்து வரிக்குப் பதிலாக வளாகம் செலுத்தும் ஒரு தொகை. அரசு நிலம் என்பதால் வழக்கமான சொத்து வரி இல்லை. அதன் இடத்தில் ஓர் ஒப்பந்தத் தொகை. சாதாரணமாக ஊரின் பள்ளிக்கும் சாலைக்கும் போக வேண்டிய வரியின் பெரும்பகுதி, அந்தக் கட்டடத்தைக் கட்டக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டியாகப் போகும் ஏற்பாடு. எஞ்சிய 28.7 கோடி டாலருக்கு ஈடு, வளாகத்தில் வசூலாகும் விற்பனை வரியிலிருந்து மாநிலம் திருப்பித் தரும் மானியம். இந்தப் பத்திரங்களை வெளியிட்டது நியூ ஜெர்சியின் அமைப்புகூட அல்ல, விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து இயங்கும் ஓர் ஆணையம் என்பது கூடுதல் செய்தி.

திறப்பு விழா நடந்தது 2019 அக்டோபர் 25-இல். ஐந்து மாதம் முடிவதற்குள் கரோனா பெருந்தொற்று கதவைச் சாத்தியது. பலரைக் கூரைக்குள் கூட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஓர் இடத்துக்கு இதைவிடக் கெட்ட நேரம் அமைந்திருக்க முடியாது. அதற்காகக் குழுமத்தைக் குறைகூறுவது நியாயமும் அல்ல. கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டிருந்த, தனது பழைய இரு பேரங்காடிகளில் 49 சதவீதப் பங்கை 2021-இல் அது கடன்காரர்களிடம் இழந்தது. 2022 ஆகஸ்டில், மானியத்தை நம்பியிருந்த பத்திரங்களின் தவணை தவறியது. கடைகள் நிரம்பி விற்பனை பெருகினால்தான் விற்பனை வரி. வரி இருந்தால்தான் மானியம். மானியம் வந்தால்தான் பத்திரத்துக்கு வட்டி. ஆண்டுக்கு 52 ஞாயிற்றுக்கிழமைகள் என்பது அந்தக் கணக்கில் எவ்வளவு பெரிய எண் என்பதை இப்போது புரிந்துகொள்ளலாம். பராமஸ் வழக்கை இரு ஊர்களின் வணிகப் பொறாமை என்று மட்டும் பார்ப்பவர்கள், அதன் பின்னால் இருக்கும் இந்தக் கடன் நெருக்குதலைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

ரோலர் கோஸ்டரின் அமெரிக்கப் பிறப்பிடம் இங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. 1884-இல் புரூக்ளினின் கோனி தீவில் லமார்கஸ் தாம்சன் அமைத்த சரிவு ரயிலுக்குக் கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்குச் சுமார் 10 கி.மீ. 1920-இல் சுரங்க ரயில் அங்கு வந்து சேர்ந்தபோது அதன் கட்டணமும் அதே 5 சென்ட்தான். ஆறு நாள்கள் ஆலையில் உழைத்தவர்கள் ஏழாம் நாள் அங்கே குவிந்தார்கள். கடற்கரைக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. பெர்கன் மாவட்டத்துக்கே சொந்தமாக 'பாலிசேட்ஸ்' என்றொரு பூங்கா இருந்தது. 1971-இல் அது மூடப்பட்டு, அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. பழையவை எல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பூங்காவின் நீச்சல்குளத்தில் கறுப்பினத்தவரை அனுமதிக்க மறுத்ததை எதிர்த்து 1947-இல் அதன் வாசலில் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. அன்று நான் நின்ற வரிசையில் எல்லா நிறத்தவரும் இருந்தார்கள்; தமிழ், குஜராத்தி, ஸ்பானியம், கொரிய மொழிகள் காதில் விழுந்தன. ஆனால், அந்த வரிசையில் சேர்வதற்கு ஒரு குடும்பம் செலவழிக்கும் தொகை 5 சென்ட்டின் இன்றைய மதிப்புக்குப் பக்கத்தில்கூட வராது.

நமக்கும் இந்த விவாதம் அந்நியமானதல்ல. கடைகள் நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு அனுமதி அளித்தது. 2022-இல் அது நீட்டிக்கப்பட்டது. ஊழியர்களுக்குச் சுழற்சி முறையில் வார விடுப்பு தரப்பட வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021-இல் தனியாகச் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் நம்முடையது. சுழற்சி விடுப்பு ஓய்வைத் தரலாம். மகனுக்கு ஞாயிறும், தாய்க்குச் செவ்வாயும் விடுப்பு என்றால், அந்த வீட்டில் விடுமுறை என்று ஒன்று இருக்கிறதா?

இந்தக் கேள்வி எனக்கு நூலகத்தில் தோன்றியதல்ல. அன்று மாலை, தலைசுற்றல் முழுதும் அடங்காத நிலையில் வீடு திரும்பியபோது, பக்கத்து வீட்டுப் பெண்மணி வாசலில் அமர்ந்து பிள்ளைகளோடு சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். பராமஸ் நெடுஞ்சாலையில் ஒரு துணிக்கடையில் வேலை. கணவர் வேறோர் ஊரில் லாரி ஓட்டுநர். இருவரும் ஒன்றாக வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானாம். ஆறு ஆண்டுகளாக அந்தக் கடையில் இருப்பதற்குக் காரணமே அதுதான் என்றார். ஞாயிறும் வேலை இருந்தால் கூடுதல் ஊதியம் கிடைக்கும், அதுவும் தேவைதான் என்றும் அவரே சொன்னார்; இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

நாங்கள் எங்கே போய் வந்தோம் என்பதைப் பேத்தி உற்சாகமாக விவரித்தாள். உயரம், சரிவு, தாத்தா போட்ட கூச்சல் எல்லாவற்றையும் அந்தப் பெண்மணி புன்னகையோடு கேட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அங்கே துணிக்கடைகள் திறந்திருந்தனவா?"