சட்டம் அறிவோம்: விபத்தும் இழப்பீடும்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அதிகாலையில், நம் மாவட்டத்து நமணசமுத்திரத்தருகே, சாலையோரத் தேநீர்க் கடையில் இளைப்பாறிய பக்தர்கள்மீது சிமெண்டு லாரியொன்று பாய்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெளிமாவட்டங்களிலிருந்து வந்த ஐவர் அங்கு மாண்டனர், பலர் காயமுற்றனர். இத்தகைய செய்தியைப் படித்து இரங்குகிறோம். அதன்பின் அக்குடும்பங்கள் என்ன செய்யவேண்டும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

“போன உயிருக்கு விலை பேசுவதா? அது இரத்தப் பணமன்றோ?” என்று ஒதுங்கும் பெற்றோர் உண்டு. அவர்தம் துயரத்தை மதிக்கிறோம். ஆயினும் அக்கருத்தை ஏற்பதற்கில்லை. சட்டம் உயிருக்கு விலை குறிப்பதில்லை. அவ்வுயிர் நம்பியிருந்தோர்க்கு ஈட்டித் தந்த சோற்றையே கணக்கிடுகிறது.

கணக்கைக் காண்போம். மாதம் 12,000 ரூபாய் ஈட்டிய 34 வயதுக் கொத்தனார் ஒருவர் இறந்துவிட்டார். மனைவி, இரு மக்கள், முதிய தாய் என நால்வர் அவரை நம்பியிருந்தனர் என்று கொள்வோம். 2017இல் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு கூட்டினால் 16,800. அவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக்கூடிய நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 12,600. ஆண்டுக்கு 1,51,200. 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அவ்வயதிற்குரிய பெருக்கெண் 16. ஆக 24,19,200 ரூபாய். ஈமச்செலவு முதலியன இதற்கு மேல். மருத்துவமனை வாயிலில் வந்து நின்று, “ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள், அலைச்சல் மிச்சம்” என்று பரிவுடன் பேசும் இடைத்தரகர் இக்கணக்கை ஒருநாளும் சொல்லமாட்டார். வெற்றுத்தாளில் எவருக்கும் கையெழுத்திடலாகாது.

“கூலிக்காரனுக்குச் சம்பளச் சான்று ஏது?” என்பது அடுத்த ஐயம். 2008இல் விபத்துற்று வலக்காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கு 2014இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. இத்தகைய தொழில் செய்வோர் வருமானத்திற்கு ஆவணம் காட்டவேண்டுமென எதிர்பார்ப்பது முறையன்று எனக் கூறி, மாத வருமானம் 6,500 ரூபாய் என்று அம்மன்றம் கொண்டது. அன்றியும், ஈட்டும் திறனில் 85 விழுக்காடு போயிற்று என்றும் தீர்மானித்தது. இங்கொரு நுட்பம் உண்டு. ஊனத்தின் அளவு வேறு, அதனால் நேரும் வருவாய் இழப்பு வேறு. ஒரு கையை இழந்த எழுத்தர் வேலையில் நீடிக்கலாம். தச்சரோ ஓட்டுநரோ நீடிக்க இயலாது. எனவே மருத்துவக் குழுவின் ஊனச் சான்றோடு, காயமுற்றவர் செய்துவந்த தொழில் யாது என்பதையும் தெளிவாக மெய்ப்பிக்கவேண்டும். இல்லத்தரசியின் உழைப்பிற்கும் மதிப்புண்டு என்பதை 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பு மீண்டும் வலியுறுத்தியது. அவர் “சும்மா இருந்தவர்” என்று கணவரே சாட்சியம் சொல்லும் வேடிக்கை இனியேனும் நிற்கட்டும்.

மனுவை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கொடுக்கவேண்டும். விபத்து நேர்ந்த ஊரில்தான் என்பதில்லை. மனுதாரர் வாழும் பகுதியிலும் கொடுக்கலாம். சிங்கப்பூருக்கோ திருப்பூருக்கோ பிழைக்கப்போன மகன் விடுமுறையில் வந்து கோயம்புத்தூரில் அடிபட்டு இறந்தாலும், ஆலங்குடியில் வாழும் பெற்றோர் புதுக்கோட்டையிலேயே வழக்காடலாம். 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் காலவரம்பு நடைமுறைக்கு வந்தது. அது செல்லுமா என்பது உச்ச நீதிமன்றத்தில் வினாவாக எழுந்திருக்கிறது. அதனை நம்பி நாள் கடத்துவது அறிவுடைமையன்று. முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, மருத்துவச் செலவுச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரு பையிலிட்டுக் காத்துவாருங்கள். மருந்துக் கடைச் சீட்டும் பயன்படும். காவல்துறையினர் 48 மணி நேரத்திற்குள் தீர்ப்பாயத்திற்கு முதல் விபத்தறிக்கை அனுப்பவேண்டுமென்பது விதி; அனுப்பினரா என்று கேட்பது உங்கள் உரிமை.

மோதிய வண்டி எதுவெனத் தெரியாமலே போய்விட்டால், 2022ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி உயிரிழப்புக்கு 2 இலட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் உண்டு.

காதணி விழாவிற்கும் திருவிழாவிற்கும் நம் ஊர்களில் மினி லாரியிலும் டிராக்டர் டிரெய்லரிலும் உறவினரை ஏற்றிச் செல்கிறோம். சுமை வண்டியில் சரக்கோடு செல்லும் அதன் உரிமையாளருக்குக் காப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு; வெறும் பயணியாக ஏறியவர்க்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பன்று என உச்ச நீதிமன்றம் 2002இலேயே கூறிவிட்டது. வண்டி கவிழ்ந்தால் பணம் கேட்கவேண்டிய இடம் வண்டிக்காரர் வீடுதான். அவரிடம் கடன் வாங்கிய வண்டியைத் தவிர வேறென்ன இருக்கும்? வாடகை கூடினாலும் பேருந்தையே அமர்த்துங்கள்.

வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பணமில்லாதோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றியே இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் விரைவாகச் சமரசம் கிட்டும். ஆனால் அங்கே ஒப்பிய தொகைமீது மேல்முறையீடு இல்லை. ஆதலின் மேற்சொன்ன கணக்கை வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொண்டு செல்லுங்கள்.